ஷெஃபீல்டின் மம்பெட்: 1781ல் ஓர் அடிமைப் பெண் தொடுத்த வழக்கு

1781 ஆகஸ்டில், மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில் உள்ள கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒரு முடிவு சொன்னார்கள். பிராம், பெட் என்ற கறுப்பினத்தவர் இருவரும் ஜான் ஆஷ்லியின் சட்டப்படியான ஆயுட்கால வேலைக்காரர்கள் அல்ல. வழக்குத் தொடுத்த நாளிலும் அப்படி இருக்கவில்லை. ஆஷ்லி அவர்களுக்கு 30 ஷில்லிங் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். வழக்குச் செலவு 5 பவுண்டு 14 ஷில்லிங் 4 பென்ஸ். அதுவும் ஆஷ்லி தலையில்.

அந்தத் தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்று ஜூரிகள் காரணம் எழுதி வைக்கவில்லை. 'அடிமை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆயுட்கால வேலைக்காரர்' என்று எழுதுவது அந்தப் பக்கத்து ஆவணங்களின் வழக்கம். சொல் மென்மையாக இருந்தாலும் பொருள் ஒன்றுதான்: கூலி கிடையாது, போக முடியாது, விற்கலாம்.

வழக்கில் இரண்டாவதாக எழுதப்பட்ட பெட் என்ற பெண்தான் பிறகு எலிசபெத் ஃப்ரீமன் ஆனார். ஊரில் அவரை மம்பெட் என்று கூப்பிட்டார்கள். அமெரிக்கப் புரட்சி என்றதும் துப்பாக்கி தூக்கியவர்களும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். ஷெஃபீல்ட் என்ற சின்ன ஊருக்கோ, அந்தக் காலத்தின் பெரிய ஆள் எழுதப் படிக்கத் தெரியாத இந்தப் பெண்தான். ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்ட சொற்களைக் காதால் கேட்டு, அவற்றைக் கொண்டே அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியவர்.

வீடும் வீட்டுக்காரரும்

ஷெஃபீல்ட் பெர்க்‌ஷயர் மாவட்டத்தின் தென்கோடியில், ஹூசடானிக் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1733ல் ஊராகப் பதிவானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1735ல், ஜான் ஆஷ்லி அங்கே வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. இடம் மட்டும் சற்றுத் தள்ளி நகர்த்தி வைக்கப்பட்டது. ஆஷ்லி யேலில் படித்த வக்கீல், ஊர்ப்படையின் கர்னல், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர், மாவட்ட நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நீதிபதி. ஊரில் அவரை மீறி எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும்.

அவர் மனைவி ஹன்னா, நியூயார்க் பக்கம் கிளாவராக் என்ற இடத்தில் இருந்த டச்சுக் குடும்பமான ஹோகபூம் வீட்டுப் பெண். பெட் பிறந்தது அந்த வீட்டு அடிமையாக, சுமார் 1744ல். ஹன்னாவின் கல்யாணத்தால்தான் பெட் ஆஷ்லி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எந்த வயதில் வந்தார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு.

1773 ஜனவரியில் ஷெஃபீல்ட் ஊர்க்கூட்டம் ஒரு தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மேல் இருந்த குறைகளை வரிசைப்படுத்துவதற்கு முன்னால் அது ஒரு பொது உண்மையோடு தொடங்குகிறது: இயற்கை நிலையில் மனிதர்கள் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், ஒருவரை ஒருவர் சாராதவர்கள், தங்கள் உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றைத் தொந்தரவின்றி அனுபவிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. சுதந்திரப் பிரகடனத்துக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இது. இதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் ஆஷ்லி. எழுதியவர் தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வக்கீல், அப்போது 26 வயது. ஆஷ்லி வீட்டு மாடி அறையில்தான் அந்தக் குழு கூடியது என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படியானால் அன்றைக்கு அவர்களுக்குக் குடிக்கக் கொண்டுபோய் வைத்தது யார், அடுப்பை எரியவைத்தது யார்? 'சுதந்திரம்' என்று எழுதிய அதே வாக்கியத்தில் 'சொத்து' என்றும் எழுதினார்களே, அவர்கள் கணக்கில் பெட் எந்தச் சொல்லுக்குள் வருவார்? பதில் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைப் பேச வேண்டிய தேவை இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு வரவில்லை.

அடுப்புச் சட்டுவம்

வழக்குக்கு முன்னால் ஒரு சம்பவம். இதை 1853ல் எழுதிவைத்தவர் கேத்தரின் செட்ஜ்விக், அந்த வக்கீலின் மகள், நாவலாசிரியர், மம்பெட்டின் கையில் வளர்ந்தவர். அவர் சொல்லும் கதை இது.

ஆஷ்லி வீட்டில் பெட்டோடு லிஸ்ஸி என்று இன்னொரு பெண்ணும் இருந்தாள். தங்கை என்கிறார் கேத்தரின். மகளாக இருக்கலாம் என்று பிறகு வந்த சிலர் சொல்கிறார்கள். ஒருநாள் வீட்டு ரொட்டிக்குப் பிசைந்த பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி, லிஸ்ஸி தனக்கென்று சின்னதாக ஒரு ரொட்டி சுட்டுக்கொண்டாள். ஹன்னா அதைப் பார்த்துவிட்டார். 'திருடி' என்று கத்திக்கொண்டு, அடுப்பில் கனல் அள்ளிச் சிவந்திருந்த இரும்புச் சட்டுவத்தை அவள்மேல் ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டினார். அடி அந்தக் கையில் விழுந்து எலும்புவரை இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கின் உண்மையான தொடக்கமாகப் படுகிறது. புண் ஆற ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. பெட் அதைத் துணியால் மூடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், ஹன்னாவும் பக்கத்தில் இருக்கும்போது, 'கைக்கு என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். பெட் சொன்ன பதில் ஒன்றே: 'அம்மாவைக் கேளுங்கள்.'

நீதிமன்றம், வக்கீல், அரசியலமைப்பு எல்லாம் வருவதற்கு முன்பே அந்தப் பெண் சாட்சியத்தை ஊர்முன் வைத்துவிட்டார். ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல், வந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் எஜமானியைப் பதில் சொல்ல வைத்துவிட்டார்.

எங்கே கேட்டார்?

'எல்லாரும் சமம்' என்ற செய்தி பெட்டின் காதுக்கு எப்படிப் போனது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேத்தரின் சொல்வது: போர் முடிந்த கொஞ்ச நாளில் ஷெஃபீல்ட் கூட்ட மண்டபத்தில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள். பெட் அதைக் கேட்டார். மறுநாளே செட்ஜ்விக்கின் அலுவலகத்துக்குப் போய், 'எல்லா மனிதரும் சமமாகப் பிறந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் சுதந்திர உரிமை உண்டு என்று அந்தக் காகிதத்தில் வாசித்தார்களே, நான் ஒன்றும் வாயில்லா ஜீவன் இல்லை, சட்டம் எனக்கு விடுதலை தராதா?' என்று கேட்டார்.

1838ல் ஹாரியட் மார்ட்டினோ என்ற ஆங்கில எழுத்தாளர் பதிவு செய்தது வேறு மாதிரி. இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டபோது, 'பேசாமல் இருந்து எல்லாவற்றையும் கவனித்ததால்' என்றாராம் மம்பெட். சாப்பாட்டு மேசையில் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, புதிய அரசியலமைப்பையும் உரிமைப் பிரிவையும் பற்றிப் பெரிய மனிதர்கள் பேசுவார்கள். அவர்கள் பேசியதில் எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பதைத் தவிர வேறெதையும் தான் கேட்கவில்லை. அந்த 'எல்லாரு'க்குள் தானும் வருகிறேனா என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தேன் என்றாராம்.

இரண்டில் எதை நம்புவது? நான் மார்ட்டினோ பக்கம். முதல் காரணம் தேதி. போர் முடிந்த பிறகு என்று கேத்தரின் எழுதுகிறார். ஆனால் யார்க்டவுனில் பிரிட்டிஷார் சரணடைந்ததே 1781 அக்டோபரில். வழக்கின் தீர்ப்பு அதற்கு முன்பே, ஆகஸ்டில் வந்துவிட்டது. இரண்டாவது காரணம் ஒரு சொல். பிரகடனம் மனிதர்கள் சமமாகப் 'படைக்கப்பட்டார்கள்' என்கிறது. 'சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்பது ஜான் ஆடம்ஸ் பெரும்பகுதி எழுதிய 1780ம் ஆண்டு மாசசூசெட்ஸ் அரசியலமைப்பின் முதல் பிரிவு. கேத்தரின் கதையில் பெட்டின் வாயில் வருவதும் 'பிறந்தவர்கள்' என்ற சொல்தான். கதை ஒரு காகிதத்தைச் சொல்கிறது, அதற்குள் இருக்கும் சொல் இன்னொரு காகிதத்துடையது.

அந்த அரசியலமைப்பு எல்லா ஊர்க்கூட்டங்களுக்கும் அனுப்பப்பட்டு, பிரிவு பிரிவாக விவாதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. 1780ன் வசந்த காலம் முழுக்க மாசசூசெட்ஸில் பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும். நீதிபதியும் ஊர்த் தலைவருமான ஆஷ்லியின் சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசாமலா இருந்திருப்பார்கள்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்ட்டினோ அமெரிக்கா வந்தபோது மம்பெட் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் கேட்டதும் செட்ஜ்விக் குடும்பத்திடமிருந்துதான். மம்பெட்டின் குரலாக நமக்குக் கிடைப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு வீட்டு வாசல் வழியாக வந்தது. பாசம் உள்ள வீடுதான், ஆனாலும் வக்கீலின் வீடு. அப்பா இந்தக் கதையில் நல்லவராக இருக்க வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இருக்கத்தான் செய்யும். இத்தனைக்கும் செட்ஜ்விக் 1777ல் ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கிய பத்திரம் இருக்கிறது. பிள்ளைகள் சொன்ன கதையில் அந்தப் பத்திரத்துக்கு இடமில்லை.

ஏன் 1781?

தீர்மானம் 1773ல், பிரகடனம் 1776ல். வழக்கு மட்டும் ஏன் 1781 வரை காத்திருந்தது? ஒரு காரணம் மேலே சொன்னது: நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டக்கூடிய, சட்ட பலமுள்ள 'சுதந்திரமாகவும் சமமாகவும்' என்ற வாசகம் 1780ல்தான் வந்தது. பிரகடனத்தைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயிக்க முடியாது. 1778ல் மாசசூசெட்ஸ் தயாரித்த முந்தைய வரைவில் உரிமைப் பிரிவே இல்லை. ஊர்கள் அதை நிராகரித்துவிட்டன.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீதிமன்றம் என்று ஒன்று திறந்திருக்க வேண்டுமே! 1774 ஆகஸ்டில் சுமார் 1,500 பேர் கிரேட் பாரிங்டனில் கூடி, மன்னர் பெயரால் இயங்கிய நீதிபதிகளை உள்ளே போகவிடாமல் தடுத்தார்கள். புரட்சியின் முதல் வெளிப்படையான எதிர்ப்புகளில் அது ஒன்று. மக்கள் ஒப்புக்கொண்ட அரசியலமைப்பு வரும்வரை நீதிமன்றம் வேண்டாம் என்று பெர்க்‌ஷயர்க்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். உரிமையியல் நீதிமன்றம் பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. புதிய அரசியலமைப்பு 1780 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, திறந்த சூட்டோடு, பிராமும் பெட்டும் வாசலில் நிற்கிறார்கள். முதல் வாய்ப்பிலேயே பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாட்டை மீட்கும் மனு

செட்ஜ்விக் தனியாக இறங்கவில்லை. பக்கத்துக் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டிலிருந்து டாப்பிங் ரீவைச் சேர்த்துக்கொண்டார். இந்த ரீவ்தான் பிறகு அமெரிக்காவின் ஆரம்பகாலச் சட்டப் பள்ளிகளில் பேர்போன ஒன்றை நடத்தியவர். மனுவில் பிராம் என்ற ஆணின் பெயரும் சேர்ந்தது. அவரும் ஆஷ்லியிடம் அடிமையாக இருந்தவர். ஒரு பெண் மட்டும் தனியாக நின்றால் வழக்கு நிற்குமா என்ற சந்தேகத்தில் சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் ஊகம்.

அவர்கள் தேர்ந்தெடுத்த மனுவின் வகை கவனிக்க வேண்டியது. ரெப்ளெவின் என்று பெயர். ஒருவருடைய மாட்டையோ வண்டியையோ இன்னொருவர் முறையில்லாமல் பிடித்து வைத்துக்கொண்டால், அதை மீட்டுக் கொடுக்கச் சொல்லும் பழைய ஆங்கிலச் சட்ட வழி. அதன்படி, பிராமையும் பெட்டையும் விட்டுவிடுமாறு ஆஷ்லிக்கு உத்தரவு போனது, ஷெரிஃப் வழியாக. ஆஷ்லி மறுத்தார். அவர்கள் ஆயுட்கால வேலைக்காரர்கள், எனக்கு அவர்கள்மேல் உரிமை உண்டு என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதே இனி நீதிமன்றத்தின் கேள்வி ஆகிவிட்டது. அடி, சட்டுவம், புண் எதுவும் வழக்கின் பொருள் அல்ல. ஆஷ்லி கொடுமைக்காரரா என்று கேட்டிருந்தால் அவர் நல்லவர் என்று சாட்சி சொல்ல ஊரே வந்திருக்கும். எஜமானர் என்ற பதவியே செல்லுமா என்று கேட்டதில்தான் சூட்சுமம்.

வாதத்தை நீதிமன்றம் பதியவில்லை. 1790களில் அமெரிக்காவைச் சுற்றிவந்த பிரெஞ்சுப் பிரபு லா ரோஷ்ஃபூக்கோ லியான்கூர் எழுதியதை வைத்துப் பார்த்தால் வாதம் இரண்டு படி. அடிமை முறையை நிறுவும் சட்டம் எதுவும் மாசசூசெட்ஸில் என்றைக்கும் இயற்றப்படவில்லை. இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட சட்டங்கள் எல்லாம் பிழையின் பிள்ளைகள். அப்படியே இருந்திருந்தாலும் புதிய அரசியலமைப்பு அதை ரத்து செய்துவிட்டது. வரிசையைப் பாருங்கள். அரசியலமைப்பு இரண்டாவது படியில்தான் வருகிறது. புத்தம் புதிய வாசகத்தை மட்டும் நம்பாமல், அது சறுக்கினாலும் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

ஆஷ்லி மேல்முறையீடு செய்தார், ஆனால் அக்டோபரில் அதைக் கைவிட்டார். இடைப்பட்ட மாதங்களில் காற்று திரும்பிவிட்டது. வூஸ்டர் மாவட்டத்தில் குவாக் வாக்கர் என்ற கறுப்பின இளைஞரின் வழக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரைத் தன் அடிமை என்று சொல்லி அடித்து இழுத்துப்போன நதானியல் ஜெனிசன், உயர் நீதிமன்றத்திலும் கரையேற முடியவில்லை. 1783ல் ஜெனிசன் மேல் நடந்த குற்ற வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அடிமைமுறை நம் அரசியலமைப்போடு ஒத்துப்போகாது என்று ஜூரிகளிடம் சொன்னார். ஜெனிசனுக்கு 40 ஷில்லிங் அபராதம்.

பெயர் தெரிந்த வழக்கு என்னவோ வாக்கருடையதுதான். உயர் நீதிமன்ற நீதிபதி சொன்ன வார்த்தைகள் அதில் இருக்கின்றன. மம்பெட் வழக்கில் முப்பது ஷில்லிங் கணக்குதான் இருக்கிறது. அதனால் அதை முன்னே வைப்பதில் தப்பில்லை. ஆனால் இரண்டும் இரண்டு கேள்வி. வாக்கர், தன் எஜமானர்கள் விடுதலை தருவதாகத் தனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்றும் சொல்ல முடிந்தது. பெட்டுக்கு யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கையில் இருந்தது அந்த ஒரு வாசகம்தான்.

மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அடிமைமுறையை ஒழித்துத் தனிச் சட்டம் எதுவும் போடவில்லை. இந்த மாதிரி வழக்குகளாலும், அடிமைகள் விட்டுப் போனதாலும், எஜமானர்கள் இனி நீதிமன்றத்தை நம்ப முடியாது என்று உணர்ந்ததாலும் அது உதிர்ந்தது. 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸ் பக்கத்தில் அடிமைகள் என்ற கட்டத்தில் ஒருவரும் இல்லை. கூலியில்லாத வேலையும் கூடவே மறைந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வேறு பெயர்களில் தொடர்ந்தது.

ஸ்டாக்பிரிட்ஜ்

தீர்ப்புக்குப் பின் ஆஷ்லி கூலிக்கு வேலை செய்ய வரச்சொல்லிக் கேட்டார். பெட் போகவில்லை. 'சுதந்திர மனிதர்' என்று பொருள்படும் ஃப்ரீமன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு, செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் குடும்பம் 1785ல் ஸ்டாக்பிரிட்ஜுக்குக் குடிபோனபோது இவரும் போனார். செட்ஜ்விக்கின் மனைவி பமேலாவுக்கு மனநோய். அவர் நிலை மோசமாகும் நாட்களில் அமைதிப்படுத்தத் தெரிந்தவர் மம்பெட் ஒருவர்தான். பிள்ளைகளை வளர்த்ததும் அவர்தான். ஊரில் பிரசவம் பார்க்கவும் நோயாளிகளைக் கவனிக்கவும் அவரைக் கூப்பிட்டார்கள்.

கடனும் வரியும் தாங்காத விவசாயிகள் எழுந்த ஷேஸ் கலகம் நடந்த 1787ல் கலகக்காரர்கள் ஸ்டாக்பிரிட்ஜுக்குள் வந்தபோது, செட்ஜ்விக் ஊரில் இல்லை. வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை மம்பெட் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவர்களைச் சமாளித்தார். கறுப்பின வேலைக்காரியின் பெட்டியையும் சோதிக்கப் போகிறீர்களா, அவ்வளவு பெரிய மனிதர்களா நீங்கள் என்று அவர் இடித்துக் காட்டவும், வந்தவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிட்டார்களாம்.

பிறகு சொந்தமாக வீடு வாங்கி, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருந்தார். 1829 டிசம்பர் 28ல் இறந்தார். ஸ்டாக்பிரிட்ஜ் கல்லறையில் செட்ஜ்விக் குடும்பத்துக்கு வட்டமாக ஒரு பகுதி உண்டு. அதன் வடிவத்தைப் பார்த்து 'செட்ஜ்விக் பை' (pie என்ற வட்டமான பலகாரம்) என்பார்கள். அதில், கேத்தரினுக்குப் பக்கத்தில், மம்பெட்டும் இருக்கிறார்.

கல்லறை வாசகத்தை எழுதியது அந்தக் குடும்பம். வயது 85 இருக்கலாம், பிறப்பால் அடிமை, சுமார் முப்பது ஆண்டுகள் அடிமையாகவே இருந்தார் என்கிறது கல். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒத்துவரவில்லை. 1829ல் 85 என்றால் பிறப்பு 1744, விடுதலை 1781, அடிமையாக இருந்தது 37 ஆண்டுகள். ஒன்று வயது தப்பு, இல்லையென்றால் அந்த 'சுமார்' ஏழு ஆண்டுகளை விழுங்கிவிட்டது. அன்போடு செதுக்கிய கல்தான் அது. 'நல்ல தாயே, போய் வா' என்று முடிகிறது. வீட்டு வேலையில் அவருக்கு நிகரில்லை, நேரத்தையும் பொருளையும் வீணாக்கவில்லை, நம்பிக்கைத் துரோகம் செய்ததில்லை என்றெல்லாம் சொல்கிறது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தவர் என்று மட்டும் அந்தக் கல்லில் இல்லை.

ஷெஃபீல்ட் அதை எழுத ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. 2022 ஆகஸ்ட் 21ல், வழக்கு விசாரணைக்கு வந்த அதே தேதியில், ஊரின் பழைய தேவாலயத்தின் பக்கத்தில் மம்பெட்டுக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் அவருடைய ஓவியம் இருக்கிறது. 1811ல் செட்ஜ்விக் வீட்டு மருமகள் சூசன் தந்தத்தில் நீர்வண்ணத்தால் வரைந்த சின்னப் படம்: நீல உடை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பொன்மணி மாலை. அந்த மணிகளைக் கோத்துச் செய்த கைவளையமும் அங்கேயே இருக்கிறது.

இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1829 அக்டோபரில், அவர் உயில் எழுதினார். ஒருகாலத்தில் பெண்வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன சொத்துகளில் ஒன்றாக இருந்தவர், தன் சொத்தைத் தன் மகளுக்கு எழுதிவைத்தார். எழுதத் தெரியாது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டார்.